மாடு எவ்வளவு திங்கும்னு எது முடிவு பண்ணுது? கவணை மிச்சத்தை எடை போட்டு ஆரம்பிச்ச வேலை

எங்க கொட்டகையில கறவை மாடுங்க தீவனம் எடுக்குற அளவைக் கூட்டணும்னு ஒண்ணொண்ணா செஞ்ச வேலைகளை இங்க எழுதி வைக்கிறேன், இதே மாதிரி மாட்டோட போராடுறவங்களுக்கு பயன்படும். நாங்க மன்னார்குடி பக்கம், நெல்லு பூமி, அதனால மாட்டுக்கு வைக்கோல் தான் பிரதானம், போர்செட் தண்ணி பாயுற ஒரு துண்டு நிலத்துல மட்டும் கோ 4 கம்பு நேப்பியர்ங்கற பசுந்தீவனப் புல்லு இருக்கு, மாடுங்க எல்லாம் ஜெர்சி கலப்பு. பிரச்சனை என்னன்னா கவணை, அதாவது தீவனம் போடுற தொட்டி, நிறைய தீவனம் கிடக்கும், மாடு முகத்தை திருப்பிக்கிட்டு படுத்திருக்கும், விலா எலும்பு தெரியும், பாலும் ஏறாது. டாக்டர் வந்து பார்த்துட்டு ஜுரம் இல்ல, உண்ணிக் காய்ச்சல் இல்ல, குடல் புழு மருந்தும் கொடுத்தாச்சு, உடம்புல ஒண்ணும் இல்லைன்னு சொல்லிட்டாரு. பக்கத்து வீட்டு சித்தப்பா வந்து, "வாய் ருசி செத்துப் போச்சுடா தம்பி, வெத்தலையில மிளகும் கல்லுப்பும் வச்சு மடிச்சு நாக்குல தேய்ச்சு விடு"ன்னாரு. செஞ்சேன், அன்னைக்கு கொஞ்சம் தின்னுச்சு, மறுநாள் பழையபடி. "சித்தப்பா, ருசியில ஒண்ணும் குறை இல்ல, புண்ணாக்கு வச்சா தொட்டியையே நக்கிடுது பாருங்க, வைக்கோலைத் தான் தொட மாட்டேங்குது"ன்னு சொன்னேன். "அப்ப வயித்துல இடம் இல்லடா"ன்னாரு. பாதிக்கு மேல அதுதான் சரியான பதில்.

முதல் வேலை அளவு எடுக்குறது. மாட்டை எடை போட மேடை தராசு எல்லாம் கிராமத்துல கிடையாது, டேப்பு போதும். முன்னங்காலுக்குப் பின்னாடி நெஞ்சைச் சுத்தி ஒரு அளவு, தோள்பட்டை முனையில இருந்து பின்பக்க இடுப்பெலும்பு முனை வரைக்கும் நீளம் ஒரு அளவு, ரெண்டும் இஞ்சுல. சுற்றளவை சுற்றளவாலயே பெருக்கி, அதை நீளத்தால பெருக்கி, 660ஆல வகுத்தா கிலோ கணக்குல உடம்பு எடை வரும். எங்க செவலைக்கு சுற்றளவு 66, நீளம் 58, கணக்கு போட்டா 380 கிலோ சொச்சம். கறவை மாடு உடம்பு எடையில நூத்துக்கு ரெண்டரையில இருந்து மூணு பங்கு வரைக்கும் உலர் தீவனம் எடுக்கணும், அதாவது ஈரத்தைக் கழிச்ச எடை, அப்ப செவலைக்கு ஒன்பதரை கிலோவுல இருந்து பதினொண்ணரை கிலோ வரைக்கும் உள்ள போகணும்.

ஈரத்தைக் கழிக்கிறதுல தான் நிறைய பேர் கோட்டை விடுறாங்க. நான் நறுக்குன நேப்பியர் ஒரு கிலோவை வேட்டித் துணியில பரப்பி மொட்டை மாடியில எடை இறங்குறது நிக்கிற வரைக்கும் காய வச்சேன், கிட்டத்தட்ட 200 கிராம் தான் மிஞ்சுச்சு. ஒரு தலைச்சுமை பில்லு 25 கிலோன்னா அதுல மாட்டுக்கு கிடைக்கிறது 5 கிலோ, மீதி தண்ணி. வைக்கோல் அப்படி இல்ல, பத்து கிலோவுல ஒன்பது கிலோ உலர் பொருள். இந்தக் கணக்கு கையில இல்லாம "நிறைய போடுறேன், மாடு இளைக்குது"ன்னு சொல்றதுல அர்த்தமே இல்ல, நிறையங்கறது கண்ணுக்குத் தான் நிறைய.

அப்புறம் ஒரு தொங்கு தராசு வாங்கி, சாயங்காலம் போடுறதையும் காலையில கவணையில கிடக்குறதையும் மாட்டுக்கு மாடு தனித்தனியா எடை போட்டு சுவத்துல கரித்துண்டால எழுதினேன். மிச்சத்தை அப்படியே அள்ளிக் குப்பையில போடாம கையில எடுத்துப் பிரிச்சுப் பார்த்தது தான் இந்த வேலையிலேயே முக்கியமானது. நேப்பியர் தோகை ஒண்ணு கூட இல்ல, எல்லாம் சுண்டு விரல் கனத்துக்கு தண்டு, அடிக்கணு பக்கத்து தண்டு, முனையில பல்லு பட்ட அடையாளம் இருக்கு, கடிச்சுப் பார்த்துட்டு விட்டிருக்கு. மாடு திங்கும்போது பக்கத்துல உக்காந்து பார்த்தீங்கன்னா தெரியும், நாக்கை நீட்டி ஒரு பிடி சுருட்டும், தலையை ஒரு ஆட்டு ஆட்டும், தோகை உள்ள போகும், தண்டு வாய் ஓரமா நழுவி கீழ விழும், மூக்கால அதை முன்னாடி தள்ளி விட்டுட்டு அடுத்த பிடி. ராத்திரி முழுக்க இப்படித் தள்ளித் தள்ளி தண்டு எல்லாம் கவணையோட அந்தப் பக்க மூலையில குவிஞ்சிடும். வைக்கோல் மிச்சம் வேற மாதிரி, அதுல மூலையில ஈரமா நசநசன்னு ஒரு அடை, மோந்து பார்த்தா புளிச்ச வாடை.

இதுக்கு மேல போறதுக்கு முன்னாடி மாட்டு வயித்துல என்ன நடக்குதுன்னு கொஞ்சம் சொல்லியாகணும், இல்லாட்டி நான் எதுக்கு எதைச் செஞ்சேன்னு புரியாது. மாடு தின்னது எல்லாம் முதல்ல ருமென்னு சொல்ற பெரிய வயித்துல போய் ஊறும். அங்க இருக்கிற நுண்ணுயிரு தான் நாரை உடைக்குது, மாடு திரும்ப மேல கொண்டு வந்து அசை போட்டு அரைக்குது, ரெண்டும் சேர்ந்து நாரை சில மில்லிமீட்டர் அளவுக்கு பொடியாக்கினா தான் அடுத்த வயித்துக்கு வாசல் தாண்டும். வயல்ல வடிகால் அடைச்சிருந்தா வாமடையை எவ்வளவு தொறந்தும் புதுத் தண்ணி ஏறாதுல்ல, அதே தான். உள்ள இருக்கிறது எவ்வளவு வேகமா கரைஞ்சு வெளிய போகுதோ அவ்வளவு தான் புதுசா உள்ள வரும்.

இதை இங்கிலாந்துல கேம்ப்லிங், பால்ச்னு ரெண்டு பேர் 1961ல மாட்டு வயித்துல ஓட்டை போட்டு மூடி வச்சு நேரடியாவே சோதிச்சுப் பார்த்திருக்காங்க. தண்ணி நிரப்புன பலூன் பைகளை முதல் வயித்துக்குள்ள வச்சா மாடு திங்குற காய்ஞ்ச புல்லு அளவு குறைஞ்சிடுச்சு, ஆனா அதே வயித்துக்குள்ள தண்ணியை சும்மா ஊத்தினா தீவனம் குறையல, ஏன்னா தண்ணி நிக்காம ஓடிடும், பை ஓடாது. மாடு திங்கத் திங்க முழுங்குனதை அந்த ஓட்டை வழியா எடுத்துக்கிட்டே இருந்தா இன்னும் இன்னும் தின்னுக்கிட்டே இருந்துச்சாம்.

இதைப் படிச்ச அன்னைக்கே செஞ்ச வேலை, வைக்கோல் ரோல்ல இருக்கிற கயிறை ஒவ்வொண்ணா உருவி ஒரு ஆணியில மாட்டி எண்ணிப் பார்க்குறது. இப்ப எல்லா ஊர்லயும் மெஷின் அறுப்பு, மெஷின் கட்டு, அந்தக் கட்டுல சுத்துற பிளாஸ்டிக் கயிறு ஒரு முழம் உள்ள போனா அது செரிக்காது, வெளியவும் வராது, வருஷக்கணக்கா முதல் வயித்துல கிடந்து மத்ததோட சிக்கி உருண்டையாகும். கேரி பேக்கும் அப்படித்தான். ரோட்டுல மேயுற மாட்டை அறுவை பண்ணி கிலோ கிலோவா பிளாஸ்டிக் எடுத்தாங்கன்னு செய்தி பார்க்குறோம்ல, அந்த மாடு எல்லாம் அந்த பலூன் வச்ச மாடு தான், நிரந்தரமா வயிறு நிறைஞ்சு போய் பட்டினி கிடக்குது. ஒரு கட்டுக்கு எத்தனை சுத்து கயிறோ அத்தனையும் ஆணியில இருந்தா தான் கொட்டகைக்குள்ள வைக்கோல் போகும்னு வேலைக்கு வர்ற அண்ணன்கிட்டயும் சொல்லி வச்சிருக்கேன், அவரும் விடாம செய்யுறாரு.

சரி, வைக்கோலால மட்டும் ஏன் மாடு பிழைக்க முடியாதுன்னு கணக்கு பாருங்க. தீவனத்துல இருக்கிற மொத்த நாரை என்.டி.எஃப்னு அளக்குறாங்க, ஒரு மாடு ஒரு நாளைக்கு உடம்பு எடையில சுமார் 1.2 சதவீதம் நாரு வரைக்கும் தான் சமாளிக்கும்னு ஒரு பொதுக் கணக்கு. குளிர் நாட்டு கறவை மாடுங்களை வச்சு வந்தது, நம்ம மாடுங்க கொஞ்சம் கூடவே தாங்கும், ஆனாலும் வழிகாட்டின்னு வச்சுக்கலாம். 380 கிலோ மாட்டுக்கு நாலரை கிலோ நாரு. வைக்கோல்ல பத்துக்கு ஏழு பங்கு நாரு, அப்ப ஏழு கிலோ வைக்கோல் தின்னா வயிறு ஃபுல். அந்த ஏழு கிலோவுல புரதம் கால் கிலோ தான், பால் கறக்குற மாட்டுக்கு அது எங்க பத்தும். வயிறு நிறைஞ்சிருக்கும், உடம்பு பட்டினியில இருக்கும்.

கொடுமை என்னன்னா புரதம் குறைஞ்சா அந்த ஏழு கிலோவும் உள்ள போகாது. மொத்த தீவனத்துல புரதம் 7 சதவீதத்துக்கு கீழ இறங்கினா நுண்ணுயிருக்கே நைட்ரஜன் பத்தாம பெருக்கம் குறைஞ்சிடும், நாரு கரையுறது மெதுவாயிடும், வடிகால் அடைச்சுக்கும். வைக்கோல்ல 3, 4 சதவீதம் தான். அதனால வைக்கோலை அதிகமா தின்ன வைக்கணும்னா வைக்கோலோட வேற ஒண்ணையும் சேர்த்துக் கொடுக்கணும், கொஞ்சம் பயறு வகைத் தீவனம். வரப்புல அகத்தி, வேலியோரம் சூபாபுல், உளுந்து அடிச்ச பிறகு மிஞ்சுற கொடியும் பொட்டும், இதுல எது கிடைச்சாலும் தினமும் ஒரு ரெண்டு மூணு கிலோ சேர்த்தேன். உளுந்துக் கொடியை களத்து மேட்டுலயே போட்டு மக்க விடுறது எங்க ஊர் வழக்கம், அதைப் பார்த்தா எனக்கு வயிறு எரியும், காய வச்சு அடுக்கினா மாட்டுக்கு அதை விட நல்ல கூட்டாளி வைக்கோலுக்கு கிடையாது.

அடுத்தது யூரியா வைக்கோல். இது ரொம்ப வருஷமா கால்நடைத் துறையில சொல்லிக்கிட்டே இருக்காங்க, செய்யுறவங்க ரொம்பக் கம்மி. 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியா, 50 லிட்டர் தண்ணி. தார்ப்பாய் விரிச்சு வைக்கோலை ஒரு அடுக்கு பரப்பி, பூவாளியால கரைசலைத் தெளிச்சு, ஏறி மிதிச்சு, அதுக்கு மேல அடுத்த அடுக்கு, இப்படியே போய் கடைசியில பாலித்தீன் ஷீட்டு போட்டு மூடி ஓரத்துல எல்லாம் மண்ணு அணைச்சு காத்து புகாம மூணு வாரம். யூரியா உள்ளயே அம்மோனியாவா மாறி வைக்கோலோட இறுக்கத்தைத் தளர்த்துது, புரத அளவும் ஏறக்குறைய ரெண்டு மடங்காகும். தொறக்குறப்ப கண்ணு எரியும், அம்மோனியா அப்படி அடிக்கும், வைக்கோல் மஞ்சள் போய் தவிட்டு நிறத்துக்கு வந்திருக்கும், கையால முறுக்கினா முறியாம துணி மாதிரி மடங்கும். அன்னன்னைக்கு வேணுங்கிறதை எடுத்து ஒரு மணி நேரமாவது நிழல்ல உதறிப் போட்டு வாடை போன பிறகு தான் மாட்டுக்கு. முதல்ல மூக்கை சுளிக்கும், சாதா வைக்கோலோட கலந்து கொஞ்சம் கொஞ்சமா கூட்டினா பழகிடும், பழகிட்டா சாதா வைக்கோலை ஒதுக்கிட்டு இதைத் தேடும்.

ஒரு எச்சரிக்கை, இதை யாரும் அலட்சியமா எடுத்துக்காதீங்க. யூரியாவைக் கரைச்சு தொட்டியில ஊத்துறதோ, வைக்கோல் மேல அப்பவே தெளிச்சு அப்பவே போடுறதோ கூடவே கூடாது, மாடு சில மணி நேரத்துல செத்துடும். யூரியா மூட்டையையும் கரைச்ச வாளியையும் மாடு எட்டாத இடத்துல வைங்க. ஆறு மாசத்துக்கு கீழ இருக்கிற கன்னுக்குட்டிக்கு யூரியா வைக்கோல் கிடையவே கிடையாது, அதுங்களுக்கு முதல் வயிறு இன்னும் அந்த வேலைக்குத் தயாராகல.

வைக்கோல்லயே தரம் இருக்கு. நெல்லு வைக்கோல்ல மணல் சத்து, அதாவது சிலிக்கா, ரொம்ப ஜாஸ்தி, அதுவும் தோகையில தான் ஜாஸ்தி, மத்த தட்டைங்க மாதிரி இல்லாம நெல்லுல தோகையை விட தண்டு தான் நல்லா செரிக்கும். அதனால நேப்பியருக்குப் பார்க்குற கண்ணால வைக்கோலைப் பார்க்கக்கூடாது. அறுத்து வயல்லயே கிடந்து பனியிலயும் மழையிலயும் நனைஞ்ச வைக்கோலை எவ்வளவு விலை குறைச்சாலும் நான் வாங்குறதில்ல, நடுவுல கருப்பா பூஞ்சாணம் இருக்கும், ஒரு பிடி எடுத்து உதறினா புகை மாதிரி தூசி கிளம்பும், மாடு அதை முகர்ந்துட்டு மொத்தக் கவணையையே ஒதுக்கும்.

நேப்பியர் தண்டு விஷயத்துக்கு வர்றேன். கோ 4ஐ முதல் அறுப்பு 75 நாள்ல, அதுக்கப்புறம் 45 நாளைக்கு ஒரு தடவை அறுக்கணும்னு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லுது. நம்ம ஆளுங்க "இன்னும் கொஞ்சம் வளரட்டும், எடை வரும்"னு விட்டுடுவாங்க, எடை வரும், தண்டு எடை. முத்தின தண்டுல லிக்னின் ஏறிடும், அது நாரைச் சுத்தி போட்ட பூட்டு, நுண்ணுயிரால தொறக்க முடியாது. நான் நிலத்தை பாத்தி பாத்தியா பிரிச்சு தினமும் ஒரு பாத்தின்னு சுத்துல விட்டேன், ஒரு சுத்து முடிஞ்சு திரும்ப அதே பாத்திக்கு வர்றப்ப 45 நாள் கணக்கு வர்ற மாதிரி. வெட்டின உடனே இலை மெத்துனு இருக்கும், தண்டு நகத்தால கீறினா ஈரம் வரும், அதுதான் பதம்.

அப்புறம் சாஃப் கட்டர், அதாவது தீவனம் நறுக்குற மெஷின், ரெண்டு எச்.பி. மோட்டார் போட்டது. ஒரு இஞ்சுல இருந்து ஒன்றரை இஞ்சு வரைக்கும் நறுக்கினா தோகையும் தண்டும் ஒண்ணா கலந்துடும், நாக்கால பொறுக்க முடியாது, வீணாகுறது சட்டுனு குறையும். பிளேடு கூர்மை போச்சுன்னா வெட்டாம நசுக்கும், நாரு நாரா கிழிஞ்சு சுத்திக்கும், அதை மாடு தள்ளி விடும், அதனால பிளேடைக் கழட்டி சாணை பிடிக்கிறதை ஒத்திப் போடாதீங்க. அதுக்காக பொடிப்பொடியா தூளாக்கிடவும் கூடாது. நீள நாரு கொஞ்சமாவது இருந்தா தான் அசை போடும், அசை போட்டா தான் எச்சில் ஊறும், பெரிய மாட்டுக்கு ஒரு நாளைக்கு 100 லிட்டருக்கு மேல எச்சில் சுரக்குது, அந்த எச்சில்ல இருக்கிற சோடா உப்பு தான் வயித்துல புளிப்பு ஏறாம காப்பாத்துது.

புளிப்புன்னதும் அடர்தீவனம் ஞாபகம் வருது. மாடு தின்னலன்னா உடனே புண்ணாக்கு, தவிடு, மாட்டுத் தீவனம்னு கூட்டிக்கிட்டே போறது சுலபமான வழி, ஆனா அது வைக்கோலோட இடத்தைப் பிடிக்குமே தவிர வைக்கோல் மேல சேராது. ஒரே வேளையில அள்ளிப் போட்டா மாவுச்சத்து வேகமா புளிச்சு அமிலம் கூடும், வயித்துல பி.எச். (புளிப்பை அளக்குற எண், குறையக் குறைய புளிப்பு ஜாஸ்தி) 6க்கு கீழ இறங்கினா நாரு செரிக்கிற நுண்ணுயிரு வேலையை நிறுத்திடும், மறுபடியும் வடிகால் அடைப்பு. அதனால நான் ஒரு வேளைக்கு ரெண்டு கிலோவுக்கு மேல போடுறதில்ல, மொத்த அளவை மூணா பிரிச்சு, முதல்ல கொஞ்சம் நாரு தின்ன பிறகு தான் அடர்தீவனம். மாட்டுப் பொங்கல் அன்னைக்கு பானை பானையா பொங்கலும், கல்யாண வீட்டு மிச்ச சோறும் கொட்டி மாடு வயிறு ஊதி படுத்து டாக்டரைக் கூப்பிட்டு ஓடுறது நம்ம ஊர்ல வருஷா வருஷம் நடக்குது, பாசத்துல தான் செய்யுறாங்க, ஆனா மாட்டைக் கொன்னுடும். ஒரு கவளம் ஊட்டுங்க போதும்.

எல்லாமே வயிறு நிறையுறது மட்டும் தானான்னா இல்ல. அமெரிக்காவுல ஒஹையோவுல கான்ராடும் கூட இருந்தவங்களும் 1964ல பார்த்து எழுதினது, தீவனம் செரிக்கிற அளவு சுமார் 66, 67 சதவீதத்துக்கு கீழ இருந்தா வயித்துல இடம் தான் தடை, அதுக்கு மேல நல்ல தீவனமா இருந்தா மாடு தனக்கு வேண்டிய சக்தி கிடைச்ச உடனே தானா நிறுத்திக்கும்னு. சக்தி போதும்னு சொல்றது ஈரல்ல இருந்தும் குடல்ல இருந்தும் போற சேதி, அதை வாங்குற இடம் மூளைக்கு அடியில இருக்கிற ஹைப்போதலாமஸ். அதுல பக்கவாட்டுல இருக்கிற ஒரு சின்னப் பகுதியை அழிச்சா எலி திங்குறதையே விட்டுடுதுன்னு 1951ல காட்டினது நம்ம நாட்டுக்காரர் பி.கே. ஆனந்த், அமெரிக்காவுல ப்ரோபெக்ங்கற விஞ்ஞானியோட சேர்ந்து செஞ்சது, அப்புறம் டெல்லி எய்ம்ஸ்ல பேராசிரியரா இருந்தாரு. நம்ம வைக்கோல் மாடுங்களுக்கு மூளை நிறுத்துற அந்த நிலைமை வர்றதே இல்ல, வயிறு முந்திக்கும். அதனால எங்க வேலை முழுக்க வயித்தைக் காலி பண்ணி விடுறது பத்தியே போச்சு.

கொத்து வேலை ரெண்டு. முதல்ல கவணை. பழைய கவணை அடித்தளம் மாடு நிக்கிற தரையை விடத் தாழ்வு, சிமெண்டு பூச்சு அரிச்சு சொரசொரப்பா பல்லு பல்லா இருந்துச்சு, மூலை எல்லாம் செங்கோணம். தாழ்வா இருந்தா முன்னங்காலை அகட்டி, கழுத்தை நீட்டி கஷ்டப்பட்டுத் தான் எடுக்கணும், சொரசொரப்புல தீவனத் தூளும் எச்சிலும் தங்கி புளிக்கும், நான் முன்னாடி சொன்ன அந்த நசநச அடை அங்க இருந்து வந்தது தான், மேல எவ்வளவு நல்ல தீவனம் போட்டாலும் அடியில இருந்து அந்த வாடை ஏறும். பழைய பூச்சை கொத்தி எடுத்துட்டு, செங்கல் ஜல்லி போட்டு தளத்தை மாடு நிக்கிற இடத்தை விட ஒரு சாணுக்கு கொஞ்சம் கம்மியான உயரத்துக்கு உசத்தி, மேல கடப்பாக் கல்லு பதிச்சு, இடைவெளியை ஒயிட் சிமெண்டால அடைச்சு, மூலையில எல்லாம் கரண்டியால உருண்டையா வளைச்சு விட்டோம். கொத்தனார் மூலையை நேரா பிடிக்கணும்னு நின்னாரு. "அண்ணே, அழகுக்கு இல்ல, நாக்கு போகணும்"னு சொன்ன பிறகு அவரே சொம்பு அடியை வச்சு தேய்ச்சு வளைவு எடுத்துக் கொடுத்தாரு, அருமையான கை. மேயுற மாதிரி தலை குனிஞ்சு தின்னா எச்சிலும் கூட ஊறுது, தீவனத்தைத் தூக்கி வீசுறதும் குறையுது. இப்ப தினமும் காலையில ஒரு துடைப்பம் தட்டினா சுத்தம்.

ரெண்டாவது தண்ணி. ரெண்டு வேளை கழுநீர்த் தொட்டிக்கு அவுத்துட்டுப் போறது தான் முன்ன இருந்த வழக்கம். தின்னுற ஒவ்வொரு கிலோ உலர் தீவனத்துக்கும் மூணு நாலு லிட்டர் தண்ணி வேணும், வெயில் காலத்துல இன்னும் கூட, பால்ல பெரும்பங்கு தண்ணி, அதுவும் இதுல இருந்து தான் வரணும். வைக்கோல் தின்னுற மாட்டுக்கு தண்ணி இல்லாட்டி வயித்துல ஊறாது, ஊறாட்டி கரையாது. ரெண்டு மாட்டுக்கு நடுவுல ஒண்ணுன்னு சிமெண்டு தொட்டி வச்சு, மேல்நிலைத் தொட்டியில இருந்து முக்கால் இஞ்சு பைப் இழுத்து, மிதவை வால்வு போட்டேன், குடிக்கக் குடிக்க தானா நிறையும். வால்வுக்கு மேல ஒரு தகடு வளைச்சு மூடியே ஆகணும், இல்லாட்டி மாடு நாக்கால மிதவையைப் பிடிச்சு ஆட்டி கழட்டிடும். பைப்பை மண்ணுக்கு அடியில புதைச்சுட்டேன், வெயில்ல கிடந்த பைப் தண்ணி கொதிக்கும், மாடு வாய் வச்சுட்டு எடுத்துடும். தொட்டி உள்பக்கம் சுண்ணாம்பு அடிச்சா பாசி பிடிக்கிறது குறையுது. மொத்த வேலையிலயும் உடனே பலன் காட்டினது இந்தத் தண்ணி தான், ராத்திரி பூரா வைக்கோல் ரெண்டு வாய், தண்ணி ஒரு வாய்னு போய்க்கிட்டே இருந்துச்சுங்க, வேற எதையும் மாத்த முடியாதவங்க இதை மட்டுமாவது செய்யுங்க.

கட்டுத்தறி இடமும் பார்க்கணும். கருப்பின்னு ஒரு பெரிய மாடு, அதுக்குப் பக்கத்துல தலை ஈத்து கிடேரியைக் கட்டியிருந்தோம், கருப்பி கழுத்தை நீட்டி அதோட பங்கையும் எடுத்துக்கும், கொம்பை லேசா திருப்பினாலே கிடேரி ரெண்டு அடி பின்னாடி போயிடும். கிடேரி கவணையில மிச்சமே இல்லைன்னு பார்த்து நல்லா திங்குதுன்னு வீட்ல எல்லாரும் சொல்லிக்கிட்டு இருந்தாங்க. எடை போட்டு, பக்கத்துல நின்னு பார்த்த பிறகு தான் விஷயம் தெரிஞ்சுச்சு, கிடேரியை ஓரத்துக்கு மாத்தி நடுவுல ஒரு பலகைத் தடுப்பு வச்சதும் அதுக்கும் மிச்சம் விழ ஆரம்பிச்சது. மிச்சம் விழுறது நல்லது தான், போட்டதுல பத்துல ஒரு பங்காவது மிஞ்சினா தான் மாடு வேணுங்கிற அளவு தின்னுச்சுன்னு அர்த்தம், சுத்தமா நக்கி வச்சிருந்தா பத்தலைன்னு அர்த்தம். எங்களுக்கு முந்தி பாதிக்கு பாதி கிடக்கும், இப்ப அந்தப் பத்துல ஒரு பங்குக்கு வந்திருக்கு, அதுவும் தோகை தண்டு கலந்த மிச்சம்.

உப்பும் தாது உப்புக் கலவையும் தினமும் அடர்தீவனத்துல சேர்க்குறோம், கால்நடைப் பல்கலைக்கழகத்துல விக்கிறது. பாஸ்பரஸ் குறைஞ்ச மாடு பசி கெட்டு துணி, எலும்பு, மண்ணுன்னு நக்கும், கோபால்ட் குறைஞ்சா நுண்ணுயிரால பி12 செய்ய முடியாம பசியே செத்துடும். வைக்கோல் திங்குற மாடுங்களுக்கு இது கட்டாயம்.

கன்னு போட்ட மாட்டைப் பத்தி தனியா சொல்லணும், ஏன்னா அங்க தான் எல்லாரும் பதட்டப்படுறாங்க. சினை கடைசி மூணு வாரத்துல மாடு தானாவே தீவனத்தைக் குறைச்சுக்கும். கன்னு போட்ட பிறகு பால் ஆறு எட்டு வாரத்துல உச்சத்துக்குப் போயிடும், தீவனம் எடுக்குறது உச்சத்துக்கு வர பத்து பன்னிரண்டு வாரம் ஆகும், நடுவுல இருக்கிற இடைவெளியில மாடு தன் உடம்புக் கொழுப்பைக் கரைச்சு தான் பால் கொடுக்கும், கொஞ்சம் இளைக்கும். அந்த நேரத்துல பயந்து அடர்தீவனத்தைக் கொட்டினா புளிப்பு தான் வரும், இருக்கிற நல்ல பச்சைத் தீவனத்தை எல்லாம் அந்த மாட்டுக்கு ஒதுக்கிட்டு, முத்தின வைக்கோலை வத்தக்கறவைக்கும் மலட்டு மாட்டுக்கும் தள்ளுங்க.

கறந்து முடிச்ச உடனே புதுத் தீவனம் வைக்கிறோம், அதுக்கு இன்னொரு காரணமும் இருக்கு, கறந்ததும் காம்பு துவாரம் மூட அரை மணி நேரம் ஆகும், அதுவரைக்கும் தின்னுக்கிட்டு நின்னா சாணியில படுக்காது, மடி நோய் குறையும். பலன் இருக்கான்னு பார்க்க பாலைப் பார்த்துக்கிட்டு காத்திருக்க வேணாம். மாட்டோட இடது பக்கம் கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவுல இருக்கிற குழியைப் பாருங்க, ராத்திரி தின்ன மாட்டுக்கு அது மேடு தட்டி இருக்கும், தின்னாத மாட்டுக்கு உள்ளங்கை புதையும். அங்க முஷ்டியை அழுத்தி வச்சு நின்னா வயிறு உருண்டு கையைத் தள்ளும், ஒரு நிமிஷத்துல ஒண்ணு ரெண்டு தடவை தள்ளினா உள்ள வேலை நடக்குது. சும்மா படுத்திருக்கிற மாடுங்கள்ல பாதிக்கு மேல அசை போட்டுக்கிட்டு இருக்கணும்.

இப்ப பாக்கி இருக்கிறது வெயில். முதல் வயித்துல நாரு புளிக்கிறதே ஒரு அடுப்பு, அந்தச் சூட்டை வெளிய தள்ள முடியாட்டி மாடு திங்குறதைக் குறைச்சு தான் தப்பிக்கும், அது நோய் இல்ல. வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் சேர்த்து போடுற குறியீடு 72 தாண்டினாலே கறவைக்கு சங்கடம் ஆரம்பம், எங்க ஊர்ல 30 டிகிரியும் 70 சதவீதம் ஈரமும் இருந்தா அது 80ஐ தாண்டிடும், கடல் காத்து உள்ள வர்ற ஊர்ல அது சாதாரண நாள். இப்போதைக்கு நேரத்தை மாத்தியிருக்கோம், பெரும்பங்கு வைக்கோலை பொழுது சாஞ்ச பிறகும் விடியக்காலை நாலு மணிக்கும் போடுறது, பகல்ல பச்சைத் தீவனம் மட்டும் கொஞ்சம். கொட்டகை ஆஸ்பெஸ்டாஸ் கூரை, மத்தியானம் கீழ நிக்க முடியல, மேல தென்னங்கீத்து பரப்பி சுண்ணாம்பும் அடிக்கணும், மேற்குச் சுவத்துல காத்து வர ஒரு வரிசை கல்லை எடுக்கணும், கீத்து முடையச் சொல்லியாச்சு, சித்திரை பொறக்குறதுக்குள்ள முடிச்சுடுவோம், முடிஞ்சதும் அந்த எடைக் கணக்கையும் எழுதுறேன்.